எங்கள் வீட்டுப் பூனை அப்படியல்ல!

தமிழில் பூனையைப் பற்றிய பழமொழிகளுக்குக் குறைவில்லை. ஆனால் அதற்கு நற்பெயர் தருவதாக ஒன்றுகூட எளிதில் நினைவுக்கு வருவதில்லை. எந்தப் பக்கமும் சேராதவனை மதில்மேல் பூனை என்கிறோம். சாதுவைப் போல் இருந்து காரியத்தை முடித்துக்கொள்பவனைக் கண்டால், 'இந்தப் பூனையும் பால் குடிக்குமா?' என்று கேட்கிறோம். கண்ணை மூடிக்கொண்டு உலகமே இருண்டுவிட்டது என்று நினைக்கும் பேதைமையையும் அதன் தலையிலேயே கட்டிவிட்டோம். நாய் நன்றியுள்ளது, பசு சாதுவானது, பூனை திருடுவது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரே சொல்லில் நற்சான்றிதழ் எழுதிக் கொடுத்தாகிவிட்டது.

பூனை வளர்க்கும் வீட்டாரிடம் இந்தச் சான்றிதழைக் காட்டிப் பாருங்கள்! வகுப்பில் ஒருமுறை, "பூனைக்கு வீட்டின்மேல்தான் பற்று, மனிதர்மேல் இல்லை என்பார்களே, உண்மையா?" என்று கேட்டேன். "எங்க வீட்டுப் பூனை அப்படியில்ல டீச்சர்!" என்று நான்கு பேர் ஒன்றாக எழுந்துவிட்டார்கள். ஒருத்தி வீட்டுப் பூனை, பாட்டி ஜெபமாலை சொல்ல உட்கார்ந்தால் மட்டும் மடியில் வந்து படுக்குமாம். இன்னொருத்தி வீட்டுப் பூனை, விருந்தினர் செருப்பைக் கழற்றும் ஓசை கேட்டதுமே அரிசி டிரம்முக்குப் பின்னால் போய்விடும். அவர்கள் பஸ் ஏறிய பிறகுதான் வெளியே வருமாம். மூன்றாவது பூனை அப்பாவின் சைக்கிள் மணியைத் தெருமுனையிலேயே அறியும். நான்காவது யார் மடியிலும் உட்காராது. ஆனால் வீட்டில் யார் அழுதாலும் ஒரு முழம் தள்ளி வந்து உட்கார்ந்துகொள்ளும். பேசுவது ஒரே பிராணியைப் பற்றித்தானா என்றே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

ஊரார் சொல்வது சரியா, வீட்டார் சொல்வது சரியா? விஞ்ஞானிகள் இந்த வழக்கை வெகுகாலம் எடுத்துக்கொள்ளவே இல்லை. நாயின் அறிவையும் குரங்கின் அறிவையும் ஆராய்ந்தவர்கள், பூனை சொன்னபடி கேட்பதில்லை என்பதாலேயே அதை விட்டுவிட்டார்கள் போலும். கடந்த 40 ஆண்டுகளில் நடந்த ஆராய்ச்சிகளோ பெரும்பாலும் வீட்டார் பக்கமே தீர்ப்பளிக்கின்றன.

முதலில் எல்லாப் பூனைக்கும் பொதுவானவற்றைத் தனியே எடுத்து வைத்துவிடுவோம். அவற்றைக் குணம் என்று நாம் தவறாக எண்ணிக்கொள்வதுண்டு. பாயசத்தை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போகும் பூனைக்கு அலட்சியம் என்று பெயர் வைக்கிறோம். உண்மையில் பூனையின் நாக்குக்கு இனிப்பே தெரியாது. இனிப்பை உணர்த்தும் மரபணு பூனைக் குலம் முழுவதிலும் செயலிழந்து போயிருப்பதை 2005ஆம் ஆண்டு அமெரிக்காவில் கண்டறிந்தார்கள். விடியற்காலையிலும் அந்தி மயங்கும் நேரத்திலும் ஓடியாடுவது எல்லாப் பூனைக்கும் இயல்பு; இரை நடமாடும் நேரம் அது. போர்வையை முன்னங்கால்களால் மாற்றி மாற்றி அமுக்குவது, தாயின் மடியை அமுக்கிப் பால் குடித்த நாளின் பழக்கம். இவை எல்லாம் குலத்தின் வழக்கங்கள். இவை போக மிஞ்சுவதைத்தான் அந்தந்தப் பூனையின் சொந்தக் குணம் என்று சொல்லவேண்டும்.

அப்படி மிஞ்சுவது நிறையவே இருக்கிறது. அதற்கு ஒரு காரணம் பூனை மனிதரிடம் வந்த விதம். நாயை மனிதன் காவலுக்கென்றும் வேட்டைக்கென்றும் மந்தைக்கென்றும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தெரிந்தெடுத்து வளர்த்தான். பூனையை யாரும் அப்படி வளர்க்கவில்லை. மேற்கு ஆசியாவில் மக்கள் தானியம் விளைவித்துச் சேமிக்கத் தொடங்கினார்கள். தானியத்தைத் தேடி எலி வந்தது. எலியைத் தேடிக் காட்டுப்பூனை வந்தது. வந்தது தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டது. சைப்பிரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு கல்லறையில், மனிதர் ஒருவருக்கு அருகிலேயே ஒரு பூனையும் அடக்கம் செய்யப்பட்டிருந்ததாக 2004ஆம் ஆண்டு பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள் அறிவித்தார்கள். அந்தத் தீவில் இயற்கையாகப் பூனைகள் கிடையாது. அப்படியானால் யாரோ ஒருவர் அதைப் படகில் ஏற்றிக்கொண்டு கடல் கடந்திருக்கிறார். எலி பிடிப்பதற்காக மட்டும் வைத்திருந்த ஒன்றைத் தமக்குப் பக்கத்திலேயே புதைக்கச் சொல்வார்களா? எகிப்தியர் வீட்டில் பூனை இறந்தால் வீட்டார் அனைவரும் புருவத்தை மழித்துக்கொண்டு துக்கம் காத்தார்கள் என்று ஹெரடோட்டஸ் எழுதியிருக்கிறார்.

பூனைகளைச் சாதிவாரியாகப் பிரித்து வளர்ப்பது மிகவும் பிந்திய பழக்கம். இலண்டன் நகரின் படிகமாளிகையில் பெரிய பூனைக் கண்காட்சி நடந்தது 1871ஆம் ஆண்டில்தான். நம் தெருவில் திரியும் பூனைகளை யாரும் குணம் பார்த்து இணைசேர்த்ததே இல்லை. ஆகவே 'இந்த சாதிப் பூனை இப்படித்தான்' என்று அவற்றைப் பற்றி முன்கூட்டியே சொல்ல வழியில்லை. ஒவ்வொன்றையும் பழகித்தான் அறியவேண்டும்.

தென் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 2,802 பூனைகளைப் பற்றி அவற்றை வளர்ப்பவர்களிடமே கேட்டு ஒரு கணக்கெடுத்தார்கள். அதன் முடிவு 2017ஆம் ஆண்டு வெளிவந்தது. பூனைகளின் குணத்தை ஐந்து அளவுகோல்களில் அளக்கலாம் என்று அவர்கள் கண்டார்கள். அச்சமும் பதற்றமும் எவ்வளவு, புதியதைத் தேடிப்போகும் ஆவல் எவ்வளவு, மற்றப் பூனைகளை அதட்டும் போக்கு எவ்வளவு, முன்பின் யோசியாத துடுக்குத்தனம் எவ்வளவு, மனிதரிடம் இணக்கம் எவ்வளவு என்பவையே அவை. ஒரு பூனைக்கு அச்சமும் இருக்கலாம், இணக்கமும் இருக்கலாம். அது உங்களிடம் மட்டும் ஒட்டிக்கொள்ளும், ஊரைக் கண்டால் ஓடும். இன்னொன்றுக்கு ஆவல் மிகுதி, இணக்கம் குறைவு. அது வீடு முழுவதையும் சோதனை போடும், கையில் மட்டும் அகப்படாது. வளர்ப்பவர்கள் சொன்னதை வைத்துச் செய்ததுதானே, அன்பினால் மிகைப்படுத்திச் சொல்லியிருக்கமாட்டார்களா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனாலும் ஒரு பூனையைப் பத்து ஆண்டுகள் காலையும் மாலையும் பார்த்தவரை விட்டுவிட்டுப் பத்து நிமிடம் பார்த்தவரிடம் சாட்சி கேட்பதில் என்ன பயன்?

இந்தக் குணங்கள் எங்கிருந்து வருகின்றன? மாணவியரும் பெற்றோரும் ஊன்றிப் படிக்கவேண்டிய பகுதி இதுவே.

பூனைக்குட்டி பிறக்கும்போது கண் திறப்பதில்லை, காதும் கேட்பதில்லை. ஏழு முதல் பதினான்கு நாள்களுக்குள் கண் திறக்கிறது. இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரையுள்ள காலம் அதன் வாழ்க்கையிலேயே விலைமதிப்பற்ற காலம். அந்த நாள்களில் அது எதை எதைத் தொட்டு, முகர்ந்து, கேட்டுப் பழகுகிறதோ, அவற்றையெல்லாம் பிற்காலத்தில் தன் உலகத்தைச் சேர்ந்தவையாக ஏற்றுக்கொள்ளும். 1980களில் அமெரிக்காவில் ஐலீன் கார்ஷ் என்ற பெண்மணி இதை ஆராய்ந்தார். அந்த வாரங்களில் நாள்தோறும் மனிதக் கைகளில் எடுத்து வைக்கப்பட்ட குட்டிகள், வளர்ந்த பிறகு தாமாக மனிதரை நெருங்கி வந்தன. மடியிலும் நெடுநேரம் இருந்தன. எடுக்கப்படாத குட்டிகள் விலகியே நின்றன. எட்டாவது வாரத்துக்குப் பிறகு எவ்வளவு பாலும் மீனும் கொடுத்தாலும் அந்த இழப்பை முழுவதும் ஈடுசெய்வது கடினம்.

தந்தையின் பங்கும் உண்டு. கடுவன் பூனை தன் குட்டிகளின் பக்கமே வருவதில்லை. ஆகவே அதைப் பார்த்துக் குட்டிகள் எதையும் கற்றுக்கொள்ள வழியில்லை. இருந்தும் துணிச்சலுள்ள கடுவனுக்குப் பிறந்த குட்டிகள், அறியாத பொருளையும் அறியாத மனிதரையும் தயக்கமின்றி அணுகுவதை 1995ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆராய்ச்சி காட்டியது. பார்த்தே இராத தந்தையின் துணிச்சல் குட்டிக்கு வருகிறது என்பது என்னே விந்தை!

பிறப்பும் வளர்ப்பும் போக இன்னும் ஏதோ இருக்கிறது போலும். 2001ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள், அமெரிக்காவின் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில், ரெயின்போ என்ற மூன்று நிறப் பெட்டைப் பூனையின் ஓர் உயிரணுவிலிருந்து அதன் நகலாகவே ஒரு குட்டியைப் பிறப்பித்தார்கள். உலகின் முதல் நகல் பூனை அதுவே. அதற்கு சிசி என்று பெயரிட்டார்கள். மரபணுவைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றே. ஆனால் ரெயின்போவின் உடலிலிருந்த மஞ்சள் நிறம் சிசியிடம் இல்லவே இல்லை! குணமும் வேறாகவே இருந்ததாக அவற்றைக் கண்டவர்கள் தெரிவித்தார்கள்: முன்னது ஒதுங்கியிருப்பது, பின்னது விளையாட்டுத்தனம் மிக்கது. இரண்டும் வெவ்வேறு இடத்தில், வெவ்வேறு கைகளில் வளர்ந்தவை என்பதையும் மறக்கக்கூடாது. சிசி 18 ஆண்டுகள் வாழ்ந்து 2020ஆம் ஆண்டு இறந்தது. இழந்த பூனையையே திரும்பப் பெறலாம் என்று பெரும் பணம் கொடுத்து நகல் எடுப்பவர்கள் இன்று வெளிநாடுகளில் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கிடைப்பது அதே சாயலில் வேறொரு பூனைதான்.

நிறத்தைப் பற்றி ஒரு சொல். கறுப்பு, வெள்ளை, மஞ்சள் மூன்றும் கலந்த பூனை ஏறக்குறைய எப்போதும் பெட்டையாகவே இருக்கும். மஞ்சளா கறுப்பா என்று தீர்மானிக்கும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெட்டைக்கு அது இரண்டு, கடுவனுக்கு ஒன்று. எனவே இரு நிறத்தையும் ஒருங்கே பெறுவது பெட்டைக்கே இயலும். அந்த மரபணு எது என்பதை ஜப்பானியரும் அமெரிக்கரும் தனித்தனியே ஆராய்ந்து 2025ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். மற்றபடி நிறத்தை வைத்துக் குணத்தைத் தீர்மானிப்பதும், கறுப்புப் பூனை குறுக்கே போனால் பரீட்சைக்குப் போகாமல் நிற்பதும் வீண். அதே கறுப்புப் பூனை எதிரே வந்தால் நல்ல சகுனம் என்று இங்கிலாந்தில் பலர் மகிழ்கிறார்கள். பூனைக்கு நம் பரீட்சையும் தெரியாது, அவர்கள் மகிழ்ச்சியும் தெரியாது. அது பால்காரர் வந்துவிட்டாரா என்று பார்க்கப் போய்க்கொண்டிருக்கும்.

இனிப் பூனையை வளர்த்தவர்களைப் பற்றிப் பார்ப்போம். திருச்சபையின் வரலாற்றில் பூனைக்கு நாம் நினைப்பதைவிட நல்ல இடமே கிடைத்திருக்கிறது. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் தனிமைத் தவம் பூண்ட கன்னியருக்காக 'ஆன்க்ரின் விஸ்' என்ற ஒழுங்கு நூல் எழுதப்பட்டது. பசு வளர்த்தால் தீவனம், தகராறு என்று உலகக் கவலை வந்துவிடும். ஆகவே அக்கன்னியர் எந்த மிருகத்தையும் வைத்துக்கொள்ளலாகாது என்கிறது அந்நூல். அடுத்த மூச்சிலேயே பூனை ஒன்றுக்கு மட்டும் விலக்கு அளிக்கிறது! எக்ஸிட்டர் பேராலயத்தின் பழைய கணக்கேடுகளில் 14, 15ஆம் நூற்றாண்டுகளில் பூனைக்கென்று வாரம் ஒரு பென்னி செலவு எழுதப்பட்டிருக்கிறது. அங்கே ஒரு கதவின் அடியில் பூனை போய்வர வட்டமாக வெட்டிய துளையை இன்றும் காணலாம். ஒன்பதாம் நூற்றாண்டில் ஐரிஷ் துறவி ஒருவர் தம் குறிப்பேட்டில், பாங்குர் என்ற தம் வெள்ளைப் பூனையைப் பற்றி ஒரு கவிதை எழுதி வைத்தார். தாம் பொருள் தேடிப் புத்தகத்தில் ஆழ்ந்திருக்க, பூனை எலி தேடிச் சுவரைப் பார்த்திருக்க, ஒருவரை ஒருவர் தொந்தரவு செய்யாமல் ஒரே அறையில் இருந்த இன்பமே அதன் பொருள். அந்தக் குறிப்பேடு ஆஸ்திரியாவில் ஒரு துறவு மடத்தில் பாதுகாக்கப்படுகிறது. துறவியின் பெயர் யாருக்கும் தெரியாது. பூனையின் பெயரை உலகம் அறியும்.

பாப்பரசர் பன்னிரண்டாம் சிங்கராயர் தம் அங்கியின் மடிப்பிலேயே மிச்செட்டோ என்ற பூனைக்குட்டியை வளர்த்தார். பெயரோ சிங்கராயர், மடியில் இருந்ததோ பூனை! 1829ஆம் ஆண்டு அவர் மறைந்தபின், ரோமில் பிரான்சின் தூதராக இருந்த எழுத்தாளர் ஷத்தோப்ரியான் அதைத் தம்மோடு வைத்துக்கொண்டார். வத்திக்கானைப் பிரிந்த ஏக்கம் தெரியாமல் அதைப் பார்த்துக்கொள்ள முயல்வதாகத் தம் நினைவுக் குறிப்புகளில் அவர் எழுதினார். நம் காலத்தில் பாப்பரசர் பதினாறாம் பெனடிக்ட் பூனைகளிடம் கொண்டிருந்த பிரியம் பலரும் அறிந்தது. ஜெர்மனியில் பென்ட்லிங் என்ற ஊரில் அவரது வீட்டுக்கு அடுத்த வீட்டுப் பூனை சிக்கோ. அது அவருடைய வரலாற்றைச் சொல்வதாகவே 2007ஆம் ஆண்டு சிறுவர் நூல் ஒன்று வெளிவந்தது.

ஆனால் தம் பூனையின் குணத்தை நுணுகிக் கண்டவர்கள் என்று கேட்டால், நான் இருவரைச் சொல்வேன்.

ஒருவர், 1755ஆம் ஆண்டு புகழ்பெற்ற ஆங்கில அகராதியை வெளியிட்ட டாக்டர் ஜான்ஸன். அவருடைய பூனை ஹாட்ஜுக்குச் சிப்பி உணவு என்றால் உயிர். அக்காலத்தில் இலண்டனில் அது ஏழைகளின் மலிவான உணவு. நாடறிந்த அறிஞர், தாமே தெருவில் இறங்கிப் போய்ப் பூனைக்குச் சிப்பி வாங்கி வருவார். வீட்டில் வேலையாள் இல்லாமலா? இருந்தார். ஜமைக்காவில் அடிமையாகப் பிறந்து, பின்னர் ஜான்ஸனிடம் வந்து சேர்ந்த பிரான்சிஸ் பார்பர் என்பவர் அவர். வேலையாட்களை அனுப்பினால் அவர்கள் அந்தத் தொல்லையால் பூனையை வெறுக்கத் தொடங்கிவிடுவார்கள் என்று ஜான்ஸன் அஞ்சினார் என்கிறார், அவர் வரலாற்றை எழுதிய பாஸ்வெல். ஒரு நாலுகால் பிராணிக்குப் பணிவிடை செய்ய வைத்து பார்பரின் மனத்தைப் புண்படுத்தலாகாது என்பதே காரணம் என்று எழுதினார், அவர்களை அறிந்த மற்றொரு பெண்மணி. இரண்டும் உண்மையாக இருக்கலாம். பூனையிடம் உள்ள அன்பைக் காட்ட மனிதரின் முதுகில் சுமை ஏற்றாத அந்தப் பெரியவரின் போக்கு எனக்கு மிகவும் பிடிக்கிறது. ஒருநாள் பாஸ்வெல் ஹாட்ஜைப் புகழ்ந்தபோது, 'இதைவிடப் பிரியமான பூனைகள் எனக்கு இருந்ததுண்டு' என்ற கருத்தில் ஜான்ஸன் ஏதோ சொன்னார். உடனே ஹாட்ஜின் முகம் வாடுவதைக் கண்டவர் போல், இதுவும் மிக நல்ல பூனைதான் என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டாராம். இதையெல்லாம் எழுதிய பாஸ்வெலுக்குப் பூனை என்றாலே ஒவ்வாது! அறையில் பூனை இருந்தால் அவருக்கு நிலைகொள்ளாது. இலண்டனில் ஜான்ஸன் வாழ்ந்த வீட்டின் எதிரே, சிப்பி ஓடுகளோடு ஹாட்ஜ் அமர்ந்திருக்கும் வெண்கலச் சிலை 1997ஆம் ஆண்டு முதல் இருக்கிறது.

மற்றவர் மாலுமி மாத்யூ பிளிண்டர்ஸ். 1799ஆம் ஆண்டு, நன்னம்பிக்கை முனையிலிருந்து ஆஸ்திரேலியா செல்லும் கப்பலிலேயே பிறந்த பூனை டிரிம். உடல் கறுப்பு, நான்கு பாதங்களும் முகவாயும் வெள்ளை. குட்டியாக இருந்தபோது கடலில் தவறி விழுந்து, வீசிய கயிற்றைப் பற்றித் தானே மேலே ஏறி வந்தது. அன்று முதல் மாலுமிகளுக்கு அது செல்லம். ஆஸ்திரேலியாவை முழுவதும் சுற்றி வந்த கடற்பயணத்தில் பிளிண்டர்ஸோடு டிரிமும் சென்றது. சாப்பாட்டு மேசைக்கு முதல் ஆளாக வந்துவிடும். ஆனால் எல்லாருக்கும் பரிமாறும் வரை பொறுத்திருந்து, பிறகே ஒவ்வொருவரிடமும் மெல்லக் குரல் கொடுக்கும். யாராவது கொடுக்க மறுத்தால், அவர் வாய்க்குக் கொண்டுபோகும் முள்கரண்டியிலிருந்தே துண்டைத் தட்டிக்கொண்டு போய்விடும்! 1803ஆம் ஆண்டு கப்பல் பவளப் பாறையில் மோதி உடைந்தபோதும் டிரிம் தப்பிப் பிழைத்தது. தாயகம் திரும்பும் வழியில் மொரீஷியஸ் தீவில் பிரெஞ்சுக்காரர்கள் பிளிண்டர்ஸைச் சிறைப்பிடித்தார்கள். சிறையில் வேண்டாம் என்று டிரிமை ஒரு வீட்டில் ஒப்படைத்தார். சில நாளில் அது காணாமற் போயிற்று. பரிசு தருவதாக அறிவித்துத் தேடியும் கிடைக்கவில்லை. பசித்தவர் யாரோ பிடித்து உண்டிருக்கவேண்டும் என்று அவர் கருதினார். பல ஆண்டுகள் சிறையிருந்த அவர், 1809ஆம் ஆண்டில் அந்தத் தீவிலிருந்தபடியே தம் பூனையின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். ஒரு கண்டத்தின் கரையை அளந்து படம் வரைந்த அதே கண்கள், ஒரு பூனையின் நடையையும் பொறுமையையும் குறும்பையும் அளந்து எழுதியிருக்கின்றன. சிட்னி நகரில் அவர் சிலைக்குப் பின்னால் நூலகத்தின் சன்னல் விளிம்பில் டிரிமுக்கும் 1996ஆம் ஆண்டு சிலை வைத்தார்கள்.

இவர்கள் அன்பு வைத்தார்கள் சரி, பூனை திருப்பி அன்பு செலுத்தியதா என்று கேட்பீர்கள். 2019ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒரேகான் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தார்கள். பூனையையும் அதன் எஜமானரையும் புதிய அறையில் இரண்டு நிமிடம் இருக்கச் செய்து, பின்னர் அவரை மட்டும் இரண்டு நிமிடம் வெளியே அனுப்பி, மறுபடி உள்ளே வரச் செய்தார்கள். கைக்குழந்தைக்கும் தாய்க்கும் உள்ள பிணைப்பை அளக்கக் கையாளும் முறையே இது. எஜமானர் திரும்பியதும் பதற்றம் நீங்கி, அவரை ஒருமுறை உரசிவிட்டு, அறையைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பிய பூனைகள் ஏறத்தாழ 100க்கு 65. குழந்தைகளிடம் காணப்படும் கணக்கும் ஏறக்குறைய அதுவே.

ஜப்பானில் அத்சுகோ சைட்டோ என்ற பெண் விஞ்ஞானியின் ஆராய்ச்சிகள் சுவையானவை. எஜமானரின் குரலைப் பூனை மற்றவர் குரலிலிருந்து பிரித்தறியும் என்று 2013ஆம் ஆண்டு காட்டினார். டோக்கியோவில் சேசு சபையார் நிறுவிய சோபியா பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, தன் பெயரைப் பூனை மற்றச் சொற்களிலிருந்து பிரித்தறிகிறது என்று 2019ஆம் ஆண்டு நிறுவினார். பெயர் கேட்டதும் காது திரும்பியது, தலை அசைந்தது. ஆனால் எழுந்து வந்தவை மிகச் சிலவே! கூப்பிட்டதும் ஓடி வருவதுதான் அன்பு என்பது நாயிடம் நாம் கற்ற இலக்கணம்.

பூனையின் இலக்கணம் வேறு. வளர்ந்த பூனைகள் ஒன்றோடொன்று 'மியாவ்' என்று பேசிக்கொள்வது மிக அரிது. அது குட்டி தாயிடம் பேசும் பேச்சு. வளர்ந்த பின்னும் அந்தப் பேச்சை அவை காத்து வைத்திருப்பது பெரும்பாலும் நமக்காகவே. கதவைத் திறக்க ஒன்று, பசிக்கு ஒன்று, 'எங்கே போயிருந்தாய்?' என்பதற்கு ஒன்று என்று ஒவ்வொரு பூனையும் தன் வீட்டாருக்கென்று தனி அகராதி அமைத்துக்கொள்கிறது. அயலார் காதுக்கு எல்லாம் ஒன்றே. இங்கிலாந்தில் காரன் மெக்கோம்ப் என்ற பெண்மணி, தம் பூனை விடியற்காலையில் தம்மை எழுப்பும் ஓசையைக் கவனித்து ஆராய்ந்தார். உணவு கேட்கும்போது 'குர்ர்' என்ற ஓசைக்குள் குழந்தையின் அழுகையை ஒத்த மெல்லிய குரல் ஒன்றையும் சில பூனைகள் புதைத்து வைக்கின்றன என்று 2009ஆம் ஆண்டு வெளியிட்டார். பூனையே வளர்த்திராதவர்களுக்கும் அந்த ஓசையைக் கேட்டால் சும்மா இருக்க முடிவதில்லையாம். உங்கள் பூனையின் கண்களைப் பார்த்து, மெல்ல இமைகளைத் தாழ்த்தித் திறந்து பாருங்கள். அதுவும் அவ்வாறே செய்யக்கூடும். இது பூனை மொழியில் நல்லெண்ணத்தின் அடையாளம் என்பதும் 2020ஆம் ஆண்டு சோதனையில் தெரிந்தது. முறைத்துப் பார்ப்பதுதான் அதற்குச் சண்டைக்கு அழைப்பு.

இத்தனையும் அறிந்த பிறகு ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம் ஊர்களில் பூனை குட்டி போட்டால் மூன்று, நான்கு வாரம் வரை பேசாமல் இருக்கிறோம். குட்டிகள் நடக்கத் தொடங்கி, அடுப்படிக்கு வந்து அசுத்தம் செய்தவுடன், ஒரு சாக்கில் போட்டு மீன் சந்தையிலோ ஆற்றுக்கு அப்பாலோ விட்டுவிடச் சொல்கிறோம். சந்தையில் தின்னக் கிடைக்கும் என்று மனத்தைத் தேற்றிக்கொள்கிறோம். நான்கு வாரக் குட்டிக்கு மீனைக் கிழித்துத் தின்னத் தெரியாது. தன் உடல் சூட்டைக் காத்துக்கொள்ளவும் தாய் வேண்டும். அதன் குணம் உருவாகும் வாரங்களும் அவையே. உயிர் பிழைக்கும் ஒன்றிரண்டும் மனிதரைக் கண்டாலே சீறும் தெருப் பூனையாகின்றன. பிறகு பூனைக்கு அன்பில்லை என்று பழமொழி சொல்கிறோம். குட்டிகளைக் காணாத தாய், இரவெல்லாம் வைக்கோற்போரையும் மாடிப்படியையும் சுற்றிச் சுற்றிக் குரல் கொடுப்பதைக் கேட்டிருப்பீர்கள்.

இதற்கு மாற்று வழி இல்லாமல் இல்லை. பெட்டைப் பூனை ஐந்து, ஆறு மாதத்திலேயே கருத்தரிக்கக்கூடும். ஏறத்தாழ 65 நாளில் ஈனும். அதற்கு முன்பே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய்க் கருத்தடை அறுவை செய்துவிட்டால் சாக்குக்கு வேலையே இல்லை. பிறந்துவிட்ட குட்டிகளை எட்டு வாரம் தாயிடமே விட்டு, அந்நாள்களில் சிறுவர் தினமும் சிறிது நேரம் மென்மையாகக் கையில் எடுத்துப் பழக்கி, பிறகு வேண்டியவர் வீட்டுக்குக் கொடுக்கலாம். வெறிநோய்த் தடுப்பூசி கட்டாயம் போடவேண்டும். பூனை கடித்தாலோ கீறினாலோ, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். அம்மா திட்டுவார்கள் என்று மறைக்கக்கூடாது. காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் பாராசிட்டமால் மாத்திரை பூனைக்கு நஞ்சு. ஒன்றே உயிரைப் போக்கிவிடும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பசும்பால் செரிப்பதில்லை என்பதையும் பாட்டிமாருக்குப் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்.

குட்டிகளில் எதை எடுத்துக்கொள்வது என்று கேட்பவர்களுக்கு: பார்த்ததும் அழகானதைத் தூக்கிவிடாதீர்கள். தரையில் உட்கார்ந்து, கையை நீட்டாமல் கால் மணி நேரம் சும்மா இருங்கள். ஒன்று நேரே வந்து உங்கள் தாவணி முந்தானையைக் கடிக்கும். சிறு தம்பி தங்கையர் உள்ள, ஓசை மிகுந்த வீட்டுக்கு அது ஏற்றது. ஒன்று பாதி தூரம் வந்து உட்கார்ந்து யோசிக்கும். ஒன்று தாயின் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு கண்ணால் மட்டும் பார்க்கும். அதை யாரும் கேட்பதில்லை. தாத்தாவும் பாட்டியும் மட்டும் இருக்கும் அமைதியான வீடானால் அதைத் தயங்காமல் எடுத்துப்போகலாம். முதல் பத்து நாள் கட்டிலுக்கு அடியில்தான் குடியிருக்கும். தட்டைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, உங்கள் வேலையைப் பாருங்கள். ஒவ்வொரு நாளும் தட்டை ஒரு சாண் வெளியே நகர்த்தி வையுங்கள்.